வேரில் இருக்கும் மாவு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறு காலை ஒரு தோட்டத்தில் ஆராதனை, நண்பகலில் அடுத்த டிவிஷனில் ஞாயிறு பாடசாலை, அந்தியில் லயத்துக் காம்பிராவொன்றில் ஜெபக்கூட்டம் என்று ஓடியோடி, இப்பொழுது வேதாகமத்தைத் திறந்தாலே எந்த வசனம் பிரசங்கத்துக்கு ஆகும் என்றுதான் கண் தேடுகிறது என எழுதியிருந்தீர். படித்து நான் திடுக்கிடவில்லை. எனக்கும் வந்த வியாதிதான்.

கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னே தேயிலைச் செடியைச் சோதிக்கும் முறையொன்றைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லுவார்கள். பென்சில் பருமனான வேரொன்றைத் தோண்டியெடுத்துக் குறுக்கே வெட்டி, வெட்டுவாயில் அயோடினைத் தடவினால், மாச்சத்து நிறைந்த வேரானால் அவ்விடம் கருநீலமாகிவிடும். வெறும் மஞ்சளாகவே நின்றால், அந்தத் தேயிலை மலையைச் சில வாரங்கள் கொழுந்தெடுக்காமல் ஓய விடவேண்டும். இலையனைத்தையும் இழந்து நிற்கும் செடி, புதுத்துளிர் விடும்வரையில் அந்த மாவைத் தின்றே பிராணனைத் தரித்திருக்கிறது, அஃதில்லாதது பட்டுப்போகிறது. வெட்டுவதற்கு முன் மேலே பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை!

1854ஆம் ஆண்டில் இலங்கையில் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் (அப்பெயரை உச்சரிக்க எனக்கு இன்றும் நாக்கூசுகிறது) ஆரம்பமான ஊழியத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசிமார் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகவே போனார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே கிடந்த அந்த ஒற்றையடிப் பாதைதான் அவர்களுடைய தியான அறையாயிருந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு. உமக்கோ மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஒரு பேச்சு முடிந்த சூட்டிலேயே அடுத்த பேச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்.

பாளையங்கோட்டைக் கவிஞர் கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வெளிவந்ததோ 1894இல். இடைப்பட்ட முப்பத்தாறு வருஷமும் வேரில் மாவு சேர்ந்த காலமென்றே எனக்குத் தோன்றுகிறது. உம்மை அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லவில்லை; வேதாகமத்தில் ஒரேயொரு ஆகமத்தை, ஆறு மாதத்துக்கு எந்தப் பிரசங்கத்திலும் தொடுவதில்லை என்ற பிரதிக்கினையோடு, உமக்கென்று மாத்திரம் வாசியும்.

இன்னொன்று. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், மூன்று இடத்தில் பேசிக் களைத்து நான்காவது காம்பிராவுக்குள் நுழைந்த ஒரு மழைநாளில், எனக்கு வாயில் சொல் எழவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு அப்பொழுதுதான் வந்திருந்த அந்த வீட்டு அம்மாள், இடுப்புப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, சாயத்தண்ணியும் சீனிக்கட்டியும் வைத்தாள். "ஐயா, இன்னிக்கி நீங்க கண்ண மூடிக்கிட்டுச் சும்மா இருங்க, நான் ஜெபம் பண்ணுறேன்" என்றாள். கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்காக, ஒழுகும் தகரத்துக்காக, மழையில் வழுக்கும் படிக்கட்டுக்காக மன்றாடிக்கொண்டே போனவள், கடைசியில், அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்த என் காலுக்காகவும் ஒரு வார்த்தை சொன்னாள். அட்டை கடித்திருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு உம்முடைய அந்திக் கூட்டத்தை நான் நடத்துகிறேன். நீர் பின்னால் பாயில், பிள்ளைகளோடு உட்காரும். குறிப்புப் புஸ்தகம் வேண்டாம்.

அன்புள்ள,
ஒரு பழைய உபதேசி