கட்டைவிரலுக்குத் தெரிந்த சண்டை

அன்புத் தம்பிக்கு,

'டிராகனை விற்றுவிட்டார்கள்' என்ற உன் கட்டுரையை முதலில் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். பிறகு பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். பென்சிலை எடுக்க வைத்தது கோபம்தான். யாகுசா கேம் தொடரின் பழைய நாயகன் கிரியு யார், கதை நடக்கும் காமுரோச்சோ எது, புது நாயகன் இச்சிபன் கசுகா எதற்காக 18 வருஷம் சிறையில் இருந்தான் என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் பாலபாடம். அவற்றை விட்டுவிட்டு நேராக என் மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

2005 டிசம்பரில் தெருச்சண்டை ஆக்‌ஷனாகத் தொடங்கிய யாகுசா தொடர், 2020 ஜனவரியில் ஏழாவது பாகத்தில் முறை வைத்து அடிக்கும் டர்ன்-பேஸ்டு ஆர்.பி.ஜி.யாக மாறியது. அதைத் துரோகம் என்கிறாய். சொல்லிவிட்டுப் போ, அது உன் தீர்ப்பு. ஆனால் இவ்வளவு நீளக் கட்டுரையில் ஒரு சண்டைகூட இல்லையே! அறிவிப்பு வந்த நாள் இருக்கிறது, தொடரை உருவாக்கிய நகோஷி இருக்கிறார், கதை எழுதிய யோகோயாமா இருக்கிறார், வெளியிடும் நிறுவனமான சேகாவின் வியாபாரக் கணக்கு இருக்கிறது. சண்டை மாறியதைப் பற்றிய கட்டுரையில் சண்டையை மட்டும் காணோம். கன்ட்ரோலரையே தொடாத ஒருவர் எழுதியிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். நீ ராத்திரி முழுக்க ஆடுகிறவன். உனக்கு இந்தச் சாக்கு கிடையாது.

கிரியு அடிக்கும்போது உன் கை என்ன செய்கிறது என்று யோசித்துப் பார். இடது கட்டைவிரல் ஸ்டிக்கைச் சாய்த்து எதிராளியின் விலாப் பக்கம் போகிறது. வலது கட்டைவிரல் சதுர பட்டனில் படபடவென்று தட்டி முக்கோணத்தில் முடிக்கிறது, ஆள் பறக்கிறான். ஓரமாகச் சைக்கிள் கிடந்தால் வட்ட பட்டன், சைக்கிள் கைக்கு வந்துவிடும். அடிக்க அடிக்க நிறையும் ஹீட் கேஜ் ஏறியிருந்தால் மறுபடி முக்கோணம். கேமரா சட்டென்று கிட்டே போய் அந்தச் சைக்கிள் ஒருவன் முதுகில் நொறுங்குவதைக் காட்டும். வருஷக்கணக்கில் இதைச் செய்த விரல் யாரையும் கேட்டுக்கொண்டு இதைச் செய்வதில்லை.

இப்போது ஏழாவது பாகத்தை எடு. இச்சிபனும் கூட்டாளிகளும் ஒரு பக்கம், ரவுடிகள் ஒரு பக்கம். மெனு வந்து நிற்கிறது. நீ தேர்ந்தெடுக்கும்வரை ஆட்கள் சிலைபோல நிற்பதில்லை, தெருவில் அப்படியும் இப்படியும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு ரவுடிகள் ஒட்டி நின்றால் ஒரே வீச்சில் இருவரையும் சாய்த்துவிடலாம். அந்த நொடிக்காகக் காத்திருக்கும்போது உன் இடது கட்டைவிரல் ஸ்டிக்கைத் தள்ளுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. ஓரடி வலப்பக்கம் போனால் போதும் என்று தெரிகிறது, போக முடியவில்லை. சைக்கிள் பக்கத்திலேயே கிடக்கிறது. ஓடுகிற வழியில் இருந்தால் இச்சிபனே எடுத்து அடிப்பான், வழியில் இல்லையென்றால் அது அங்கேயே கிடக்கும்.

பழைய ரசிகனின் வருத்தம் முழுக்க அந்த ஓரடியில் இருக்கிறது. வருஷக்கணக்காக கியர் வண்டி ஓட்டியவன் ஸ்கூட்டியில் ஏறினால் இடது கால் தானாகக் கீழே துழாவுமே, அப்படி. நீ அதை எழுதியிருந்தால், இந்தத் தொடரை ஒரு முறைகூட ஆடாத வாசகருக்கும் எது பறிபோனது என்று புரிந்திருக்கும். 'தொடரின் ஆன்மாவே போய்விட்டது' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? ஆன்மாவை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஸ்டிக்கைப் பார்த்திருக்கிறோம்.

ஒரு தொடர் பாதை மாறும்போது ரசிகர் எதை எதிர்பார்த்தார் என்று கேட்டால் எல்லோரும் கதை, நாயகன், உலகம் என்று அடுக்குகிறார்கள். இவையெல்லாம் மாறினால் மனிதர்கள் ஆச்சரியமான வேகத்தில் சமாதானமாகிவிடுகிறார்கள். கிரியு போய் இச்சிபன் வந்ததை எத்தனை பேர் எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டார்கள்! காமுரோச்சோவை விட்டு யோகோஹாமாவுக்குக் குடிபெயர்ந்ததையும் ஏற்றுக்கொண்டார்கள். கை பழகியது மாறும்போதுதான் சண்டை வருகிறது. நான் எழுத ஆரம்பித்த காலத்திலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் சொல்வேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமை ஆடியது என் அண்ணன். நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மேப் பார்த்து வழி சொல்லுவேன். இரண்டாம் பாகத்தின் போலீஸ் ஸ்டேஷன் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தக் காலத்து ரெசிடென்ட் ஈவிலில் கேமரா சுவரில் அறைந்த மாதிரி ஒரே இடத்தில் இருக்கும். நடைபாதை திரும்பினால் காட்சி சட்டென்று வேறு கோணத்துக்குத் தாவும். ஆனால் மேல் அம்புக்குறியை அழுத்தினால் நாயகன் லியோனின் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கால் போகும், திரையில் அது இடமோ வலமோ. வீட்டுக்கு வந்த பையன்கள் ஆடினால் சுவரில் முட்டிக்கொள்வார்கள். அண்ணன் திரையைச் சரியாகப் பார்க்காமலே ஓடுவான்.

2005-இல் நான்காம் பாகம் வந்தது. கேமரா லியோனின் தோளுக்குப் பின்னால் போய்விட்டது, ஜோம்பிகள் இல்லை, தோட்டா தாராளம். டிஸ்கை வாங்கி வந்தவனே முதல் பத்து நிமிஷம் திட்டித் தீர்த்தான். பிறகு அந்தக் கிராமம் வந்தது. ஊர்க்காரர்கள் கோடரியும் கவைக்கோலுமாகச் சூழ்கிறார்கள், ரம்பத்தின் சத்தம் எங்கிருந்தோ கேட்கிறது, அண்ணன் துப்பாக்கியைத் தூக்குகிறான். தூக்கியதும் லியோனின் கால் நின்றுவிடுகிறது. சுட வேண்டுமென்றால் நிற்க வேண்டும், ஓட வேண்டுமென்றால் துப்பாக்கியை இறக்க வேண்டும். பழைய பாகங்களில் இருந்த அதே கட்டளை. அண்ணனின் கட்டைவிரல் தன் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அவன் திட்டவில்லை, விடியும்வரை ஆடினான்.

அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமியும் அவர் குழுவும் கேமராவை மாற்றினார்கள், எதிரியை மாற்றினார்கள், வேகத்தை மாற்றினார்கள், நின்று சுடுவதை மட்டும் மாற்றவில்லை. பயம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு முன்னால், அதே நான்காம் பாகத்துக்காக ஹிடெகி காமியா தொடங்கிய முயற்சியில் நாயகன் தாவிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் பறக்க ஆரம்பித்தபோது, இது வேறு கை என்று தயாரிப்பு நிறுவனமான கேப்காம் புரிந்துகொண்டது. அது 2001-இல் 'டெவில் மே க்ரை' என்ற புதுப் பெயரில் தனித் தொடராக வந்தது. 2012-இல் வந்த ஆறாம் பாகத்தில் நடந்துகொண்டே சுட விட்டார்கள். எனக்கு அதில் பயமே வரவில்லை. கேமரா அப்படியே தோளுக்குப் பின்னால்தான் இருந்தது.

உன் கட்டுரையில் இரண்டாவது உறுத்தல், 'ரசிகர்கள்'. ரசிகர்கள் அதிர்ந்தார்கள், ரசிகர்கள் ஏமாந்தார்கள், ரசிகர்கள் மன்னிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஆள்போல வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். யார் அவர்கள்? 2019 ஏப்ரல் 1 அன்று இதே டர்ன்-பேஸ்டு சண்டையை வீடியோவாக வெளியிட்டபோது, முட்டாள்கள் தின விளையாட்டு என்று நினைத்துப் பலர் கொண்டாடினார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 29 அன்று அது நிஜம் என்று தெரிந்ததும் அதே காட்சிக்கு முகம் சுளித்தவர்களும் உண்டு. 2005-இலிருந்து கிரியுவோடு வயதானவர்கள் ஒரு ரகம். ஜப்பானுக்கு வெளியே எத்தனையோ பேருக்கு, 2017-இல் ஆங்கிலத்தில் வந்த 'யாகுசா 0'தான் முதல் வாசல். இன்னொரு கூட்டம் ஏழாவது பாகத்தில்தான் உள்ளே வந்தது. அவர்கள் 2023-இல் கிரியுவின் தனிக்கதையை வாங்கி ஆடும்போது, ரவுடி கையை ஓங்கியதும் மெனு வரும் என்று காத்திருந்து அடி வாங்குகிறார்கள். அவர்களும் ரசிகர்கள்தானே? அவர்கள் எதிர்பார்ப்புக்கு உன் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஆக்‌ஷன் செத்துவிட்டது என்று வேறு எழுதியிருக்கிறாய். யாகுசாவை உருவாக்கிய அதே ஸ்டூடியோவின் 'ஜட்ஜ்மென்ட்' 2018-இலேயே வந்தது. இனி ஜட்ஜ்மென்ட் ஆக்‌ஷன், யாகுசா ஆர்.பி.ஜி. என்று 2021-இல் வெளிப்படையாகப் பிரித்துச் சொன்னார்கள். இதைக் கண்டுகொள்ளாமல் போனது சரியில்லை.

டிராகன் குவெஸ்ட் 9 என்ற ஆர்.பி.ஜி.யையும் நீ தொட்டிருக்க வேண்டும். 2006 டிசம்பரில் முதல் வீடியோ வந்தபோது அது ஆக்‌ஷன் சண்டையாக இருந்தது. ஜப்பானில் எதிர்ப்பு கிளம்பியது. 2009 ஜூலையில் கேம் வெளிவந்தபோது கட்டளையைத் தேர்ந்தெடுத்துக் காத்திருக்கும் பழைய சண்டை திரும்பியிருந்தது. ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த ரசிகர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிடாதே. டிராகன் குவெஸ்டின் கை அமைதியான கை. 'தாக்கு' என்று ஒரு தட்டு, அடுத்த வரியைப் படிக்க ஒரு தட்டு, நடுவில் யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். அதைத்தான் அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து யாகுசா போய் வாங்கிக்கொண்டது அதே கையை. இச்சிபன் சின்ன வயதிலிருந்தே டிராகன் குவெஸ்ட் பைத்தியம். தரையில் குத்தி நிற்கும் பேஸ்பால் மட்டையை வீரவாளாக நினைத்து உருவுகிறான். எதிரே வரும் குடிகாரர்கள் அவன் கண்ணுக்கு அரக்கர்களாகத் தெரிகிறார்கள். அவனால் தனியாக ஜெயிக்க முடியாது, கூட்டாளிகள் நன்பாவும் அடாச்சியும் சாயேகோவும் கூட வேண்டும். கிரியு தனியாள், அவனுக்குத் தன் முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இச்சிபன் காத்திருக்கத்தான் வேண்டும், கூட மூன்று பேர் நிற்கிறார்களே! இந்த மாற்றம் கதைக்குள்ளிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். நீ மறுக்கலாம், ஆனால் மறுத்தாவது எழுத வேண்டாமா?

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்கிறேன். சிறையிலிருந்து வந்த இச்சிபனை அடாச்சி காமுரோச்சோவுக்கு அழைத்துக்கொண்டு போகும் இடத்தைப் பற்றி நீ ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். 18 வருஷத்தில் ஊரே மாறிவிட்டது, இச்சிபனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆடுகிற உனக்கோ டென்காய்ச்சி தெருவின் சிவப்பு வளைவிலிருந்து தியேட்டர் சதுக்கத்துக்கு மேப் பார்க்காமல் போகத் தெரிகிறது. நாயகனுக்கு வழி தெரியாது, உன் விரலுக்குத் தெரியும். வேண்டுமென்றே தடுமாறி நடக்கப் பார்த்தும் முடியவில்லை என்று எழுதினாய் பார், அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தமிழில் கேம் பற்றி இப்படி ஒரு பத்தியை நான் படித்ததில்லை. நானும் எழுதியதில்லை. இத்தனை வருஷமாக நான் கத்திக்கொண்டிருப்பதை நீ எட்டு வரியில் செய்துகாட்டிவிட்டாய். அடுத்த பத்தியிலேயே அதை அம்போவென்று விட்டுவிட்டு விற்பனைக்குப் போய்விட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பத்தியை எழுதியவன் 2024-இல் வந்த அடுத்த பாகமான 'இன்ஃபினிட் வெல்த்'தை அரை வரியில் கடந்திருக்கக் கூடாது. அதில் உன் முறை வந்ததும் காலடியில் ஒரு வட்டம் விரிகிறது, அதற்குள் நடக்கலாம். எதிரியின் முதுகுப் பக்கம் போகலாம், சைக்கிளின் பக்கத்தில் போய் நிற்கலாம். 2020-இல் பறித்துக்கொண்ட அந்த ஓரடியை நாலு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ரசிகர்களும் ஸ்டூடியோவும் நடத்திய உண்மையான பேச்சுவார்த்தை அந்த வட்டத்தில் நடந்ததாகவே நான் பார்க்கிறேன்.

கிரியுவும் அதில் வருகிறான். நரை ஏறிவிட்டது, புற்றுநோய். அவனும் மற்றவர்கள்போல வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கிறான். கேஜ் நிறைந்ததும் அந்த முறையையே உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறான். மெனு போய்விடுகிறது. சில நொடிகளுக்கு ஸ்டிக் முழுக்க உன்னுடையது. சதுரம், சதுரம், முக்கோணம். உன் விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்கு எல்லாம் நினைவிருக்கிறது. நேரம் முடிந்ததும் கிரியு மறுபடி வரிசைக்குத் திரும்பிவிடுகிறான். 2005-இலிருந்து ஆடி வருகிற ஒருவருக்கு அந்தச் சில நொடிகள் என்ன செய்திருக்கும்! ஒரு நோயாளியின் உடம்பையும் ஒரு ரசிகனின் பழக்கத்தையும் ஒரே பட்டனில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நீ அதை 'பழைய ரசிகர்களுக்கான சமாதானப் பரிசு' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டாய். அதைப் படித்தபோது வந்ததுதான் நான் முதலில் சொன்ன கோபம்.

புத்தகமாகத் தொகுக்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னாய். தொகுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையைப் பிரி. விற்பனைப் பகுதியை முழுக்க எடுத்துவிடு. காமுரோச்சோ பத்தியை முதலில் வை, கிரியுவின் அந்தச் சில நொடிகளுக்கு நாலு பக்கம் கொடு. துரோகம் என்ற தீர்ப்பு அதற்குப் பிறகும் உனக்குத் தோன்றினால் அப்படியே இருக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

2025 பிப்ரவரியில் வந்த கடற்கொள்ளையர் பாகத்தை நீ இன்னும் ஆடவில்லை என்று தெரியும். அதில் தொடரின் பழைய முகமான கோரோ மஜிமாதான் நாயகன், சண்டை மறுபடி ஆக்‌ஷன். பழையபடி ஆகிவிட்டது என்று எழுதிவிடாதே. மஜிமாவால் குதிக்க முடியும். கிரியுவின் சண்டையில் இத்தனை வருஷம் இல்லாத பட்டன் அது. முதல் சண்டையில் உன் கட்டைவிரல் அதை மறந்துபோகிறதா, எப்போது தானாக எழும்புகிறது என்று கவனித்து வை. அந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா