ஆயிரம் வோட்ஸ் எங்கே போனது?

மாத்தளை திருகோணமலை வீதியில் ஸ்பீக்கர் வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை வோட்ஸ்?" பாடப்புத்தகத்தில் 'உவாற்று' என்று படித்தவர்தான், கடைவாசலில் அது வோட்ஸ் ஆகிவிடுகிறது. கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறார். பி.எம்.பி.ஓ. 5,000 வோட்ஸ். பக்கத்தில் அடக்கமாக நிற்கும் இன்னொரு சோடியில் வெறும் 30. எது விலைபோகும் என்று சொல்லத் தேவையில்லை.

வோட்ஸ் கூடினால் சத்தம் கூடும், தரமும் கூடும் என்பதே இந்தத் துறையின் மூத்த நம்பிக்கை. அதில் முதற்கோளாறு எண்ணிலேயே இருக்கிறது. பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை கிடையாது. கண்சிமிட்டும் நேரத்திலும் சிறு துளி நேரத்துக்கு ஒரு செட் எவ்வளவு துள்ளக்கூடும் என்று ஊகித்து, பெட்டிக்குள் இருக்கும் எல்லா ஸ்பீக்கர்களையும் கூட்டி, அதன் மேல் ஆசையையும் சேர்த்து அச்சிட்டது அது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கூத்து நடந்தது. 1974இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு தலையிட்டு, வீட்டு அம்ப்ளிஃபயர்களின் வலுவைத் தொடர்ச்சியாகத் தரக்கூடிய அளவில், எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்பதையும் சேர்த்தே விளம்பரம் செய்யவேண்டும் என்று விதி வகுத்தது.

இங்கே அப்படி ஒரு விதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. செட்டைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பார்த்தால் போதும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதன் பக்கத்தில் அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று எழுதியிருக்கும். அங்கே 40 வோட் என்றிருந்து, முன்பக்கத்தில் 5,000 என்றிருந்தால், உக்குவளை மின்நிலையத்தை இன்றைக்கே மூடிவிடலாம். மகாவலித் தண்ணீர் பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியாக இவ்வளவு தூரம் வரவே தேவையில்லை. கையடக்கச் சீன அம்ப்ளிஃபயருக்கும் இதே கணக்குத்தான். கூட வரும் அடப்டரில் 24 வோல்ட், 4.5 அம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கினால் வருவது 108. இரு பக்கமும் சேர்ந்து அதைத் தாண்டி அது தொடர்ந்து தரவே முடியாது. பெட்டியில் "பக்கத்துக்கு 100" என்று எத்தனை பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் சரி.

இரண்டாவது கோளாறு காதில். வோட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 3 டெசிபெல்தான் ஏறும், அதாவது கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. காதுக்கு "இரண்டு மடங்கு" என்று பட ஏறத்தாழ பத்து மடங்கு வோட் வேண்டும். ஆகவே 50 வோட் அம்ப்ளிஃபயருக்கும் 100 வோட்டுக்கும் உள்ள வித்தியாசம் விலையில் தெரியும் அளவுக்கு அறையில் தெரியாது.

பார்க்கவேண்டிய எண் வேறு. ஒரு வோட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதுதான் அது, சென்சிட்டிவிட்டி என்பார்கள். சிறிய புத்தக அலுமாரி ஸ்பீக்கர்கள் பொதுவாக 84 முதல் 88 வரை. திருவிழாக் காலத்தில் கம்பத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் 105ஐத் தாண்டும். இடைவெளி 20 டெசிபெல் என்றால், வோட் கணக்கில் நூறு மடங்கு. 30 வோட் கூம்பு ஒன்று ஊரையே எழுப்புவதன் இரகசியம் இதுதான். ஆனால் அந்தக் கூம்பு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றையும் சரியாகத் தராது. நாதஸ்வரம் கணீரென்று வரும்; தவிலின் தொப்பிப் பக்கத்து 'தொம்' மலைக்காற்றில் கரைந்துவிடும். வீட்டுக்குள் கேட்கிறவருக்கு அந்தத் 'தொம்' தான் வேண்டும், ஊர் எழும்ப வேண்டியதில்லை. சாதாரண பேச்சு 60 டெசிபெல் அளவில் இருக்கும். 85 டெசிபெல் ஸ்பீக்கர் ஒற்றை வோட்டிலேயே அதை அமுக்கிவிடும். இசையின் திடீர் எழுச்சிகளுக்கு இடம் விட்டாலும், சின்ன அறைக்குப் பக்கத்துக்கு 20 முதல் 40 உண்மையான வோட் தாராளம். 1978இல் வெளிவந்து, மலிவு அம்ப்ளிஃபயர்களின் வரலாற்றையே மாற்றிய 'நாட் 3020' பக்கத்துக்கு 20 வோட்தான்.

அம்ப்ளிஃபயரின் வோட் ஸ்பீக்கரின் வோட்டை விடக் கூடினால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்றும் ஒரு பயம் உண்டு. எரிப்பது எண் அல்ல, கை. சிறிய அம்ப்ளிஃபயரை முழு வொலியூமில் திணறவிட்டால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும்; அந்தச் சிதைவோடு சேர்ந்து உயர்ந்த சுருதியில் தேவைக்கு மேற்பட்ட சக்தி போய், முதலில் ட்வீட்டர் கருகும். குரல் கரகரக்கத் தொடங்கினால் குறைத்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பண்டிகை நாளில் வருகிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மாமா வீட்டுப் பொக்ஸையும் கொண்டுவந்து அதே முனைகளில் கொழுவுவார்கள். 8 ஓம் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம். 4 ஓம் நான்கை இணைத்தால் ஒரே ஓம். ஓம் குறையக் குறைய இழுக்கும் மின்சாரம் கூடும்; அந்த இழுவையைச் சாதாரண வீட்டு அம்ப்ளிஃபயர் தாங்காது. இன்றைய கிளாஸ் டி சிறுசெட்டுகளில் பெரும்பாலானவற்றில், இரு ஸ்பீக்கர்களின் கறுப்பு வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதும் கூடாது. பழைய செட்டில் பலர் அப்படிச் செய்து தப்பியிருக்கலாம். இதில் தப்ப முடியாது.

சின்னப் பெட்டியில் பேஸ் வராது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஆழ்ந்த ஒலி எடுக்கலாம் என்று 1954இல் அமெரிக்கர் எட்கர் வில்ச்சர் செய்து காட்டினார். அதற்குக் கொடுத்த விலை, அதே சத்தத்துக்குக் கூடுதல் வோட். ஆழம், சிறிய உருவம், குறைந்த வோட்டில் நிறைந்த சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒரு பெட்டி தரும். மூன்றையும் சேர்த்து விற்கிறவர் எதையோ மறைக்கிறார்.

இனி, பெயரே கிளப்பிய குழப்பம். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்பதால் புத்தக அலுமாரியில்தான் வைக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் அது கெடுகிறது. பல பெட்டிகளின் முதுகில் ஒரு ஓட்டை இருக்கும். பேஸ் மூச்சு விடும் வழி அது. அதைச் சுவரோடு ஒட்டி, இரு பக்கமும் புத்தகங்களால் நெருக்கினால் ஒலி கொழுத்துப்போய்ப் பாடகர் மூக்கடைத்துப் பாடுவதுபோல் கேட்கும். உடுப்பு அலுமாரியின் உச்சியில் ஏற்றி வைப்பது இன்னொரு வழக்கம். குழந்தைகளின் கைக்கு எட்டாது என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. ட்வீட்டர் கதிரையில் இருப்பவரின் காது மட்டத்துக்கு வரவேண்டும். இரண்டு ஸ்டூல் போதும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் ஆள் இருந்தால், பாடகர் நடுவில் வந்து நிற்பார். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

ஆனால் எல்கடுவைப் பக்கமோ றத்தோட்டைப் பக்கமோ பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் இருப்பவருக்கு இந்த அறிவுரை கொஞ்சம் நக்கலாகவே படும். அங்கே கட்டிலும் அலுமாரியும் போக மிஞ்சுவது நடைபாதை. அந்த அறைக்கென்று சொந்தக் குரல் ஒன்றும் உண்டு. பன்னிரண்டடி நீளம் 47 ஹெர்ட்ஸ் அளவிலும் பத்தடி அகலம் 56 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒலியைத் தேக்கி ஊதிவிடும். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் அந்த ஊதல் உச்சத்துக்குப் போகும், கூரைத் தகரமும் கூடச் சேர்ந்து பாடும். இப்படிப்பட்ட அறைக்குப் பெரிய வூஃபர் தண்டச்செலவு. நாலு அல்லது ஐந்து அங்குல வூஃபர், ஓட்டை முன்பக்கம் உள்ள அல்லது ஓட்டையே இல்லாத பெட்டி, அதுவும் மூலையை விட்டு ஓரடி தள்ளி. முதுகில் ஓட்டை உள்ளதுதான் கிடைத்தது என்றால் அதில் ஒரு துண்டுப் பஞ்சுமெத்தையைச் செருகிப் பார்க்கலாம். சீமெந்துத் தரையில் ஒரு பாய், கண்ணாடி யன்னலுக்குத் தடித்த திரை: இவை செய்யும் வேலையை இன்னொரு அம்ப்ளிஃபயர் செய்யாது.

வயரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் ஐந்து மீற்றர் ஓடினால், போக வரச் சேர்த்து அதன் தடை 0.12 ஓம் அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு. செம்பு பூசிய அலுமினியம் இல்லை என்பதை நுனியைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.

"ஜப்பான் பழசு புதுசை விட நல்லது" என்ற பேச்சு மட்டும் நின்று யோசிக்க வேண்டியது. பழைய ஜப்பானிய அம்ப்ளிஃபயர்கள் பலவும் கட்டுமானத்தில் உறுதியானவைதான். ஆனால் ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த நாட்டுக்கென்றே செய்த செட்டை நேரே இங்குள்ள 230இல் கொழுவினால் பாட்டுக்குப் பதில் புகைதான் வரும். பின்பக்கம் 100 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமரின் விலையையும் கூட்டித்தான் மலிவா என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்பீக்கரென்றால் முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்ல அழுத்த வேண்டும். ஃபோம் வளையம் நம் ஈரக்காற்றில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் நீடிக்கும். மரத்தூள் பலகைப் பெட்டியின் அடிப்பாகம் ஊதியிருந்தால் அது நனைந்தது. நனைந்த பெட்டியை விட்டுவிடலாம்.

அம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்திய ஸ்பீக்கர் சோடிகளை 'உண்மையான ஹைஃபை அல்ல' என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எடிஃபயர் ஆர்1280டீ போன்றவை பக்கத்துக்கு 21 வோட் என்று நேர்மையாகவே சொல்லிக்கொள்கின்றன. தொடங்குகிறவருக்கு, சின்ன அறைக்கு, அது நிறையவே போதும். தனித்தனியாக வாங்குவதன் உண்மையான இலாபம் ஒலியில் அல்ல, திருத்தத்தில் இருக்கிறது. உள்ளேயுள்ள சர்க்கிட் போனால் சோடியே ஊமை. தனி அம்ப்ளிஃபயர் போனால் அதை மட்டும் மாற்றலாம். ஏப்ரல் பிற்பகல்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் அடிக்கும் தீவில் இது சின்ன விஷயமில்லை. 'சேர்ஜ் போட்' இருக்கிறதே என்று நம்பியிருக்கக் கூடாது. பக்கத்தில் விழும் மின்னலுக்கு அது ஈடு கொடுக்காது. வானம் இருட்டும்போதே ப்ளக்கைக் கழற்றிவிட வேண்டும், டீவி அன்டெனாவோடு இணைத்திருந்தால் அந்த வயரையும் சேர்த்து.

விலை கூடியது நன்றாகத்தான் கேட்கும் என்பதைக் கண்ணைக் கட்டிச் சோதித்தவர்கள் உண்டு. ஒலி ஆய்வாளர்கள் ஃபுளொய்ட் டூலும் ஷோன் ஒலிவும் 1994இல் ஒரே ஆட்களுக்கு ஒரே ஸ்பீக்கர்களை ஒருமுறை திரைக்குப் பின்னாலும் ஒருமுறை கண்முன்னேயும் வைத்துக் கேட்கவைத்தார்கள். திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய மலிவான சிறிய செட், முகத்தைக் காட்டியதும் சரிந்துவிட்டது. கேட்டது காது, மதிப்பெண் போட்டது கண். ஆகவே கடையிலும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. இரண்டு சோடிகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடவேண்டும். சற்றே உரத்துப் பேசுவது சிறந்ததாகத் தோன்றும், விற்பனையாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எதைப் போட்டுக் கேட்பது? மின்னும் கிற்றாரும் அதிரும் ட்ரம்ஸும் எந்த ஸ்பீக்கரிலும் எடுபடும். பிபிசி பொறியியலாளர்கள் தம் ஸ்பீக்கர்களைச் சரிபார்க்க மனிதப் பேச்சைத்தான் நம்பினார்கள், ஏனென்றால் பழகிய குரல் பிசகினால் யாருக்கும் தெரியும். கொழும்பு வானொலி தொடங்கிய 1925ஆம் ஆண்டிலிருந்து குரல்களோடே வாழ்ந்த ஊர்களில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தொலைபேசியில் வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதின் தெளிவான ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துப்போய்ப் போடச் சொல்லலாம். தகரப் பீப்பாய்க்குள் இருந்து பேசுகிறாரா, ஒவ்வொரு 'ச'வும் காதைக் கீறுகிறதா என்று இரண்டு நிமிடம் கேட்டால் போதும். அப்படியென்றால் அந்தச் சோடியைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் 30 வோட்ஸைக் கொழுவச் சொல்லலாம்.