அறிக்கையில் வரும் கே.ஐ.-67: அந்த எண்ணைப் படிப்பது எவ்வாறு?

மென்திசுப் புற்று உள்ளவரின் திசுப் பரிசோதனை அறிக்கையில், இறுதிப் பகுதியில், ‘கே.ஐ.-67: 40 விழுக்காடு’ என்பது போன்ற ஒரு வரி இருப்பதுண்டு. உடலில் நாற்பது பங்கு நோய் பரவிவிட்டது என்றோ, பிழைக்கும் வாய்ப்பு அறுபது பங்குதான் என்றோ குடும்பத்தினர் பொருள் கொண்டு கலங்குவதை நாம் அடிக்கடி காண்கிறோம். இரண்டும் தவறு.

தசை, கொழுப்பு, நார்த்திசு, நரம்புறை, இரத்தக்குழாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுகளையே மென்திசுப் புற்று என்கிறோம். மருத்துவர்கள் சார்கோமா என்று எழுதுவர். பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் அரியது. ஆயினும் இதில் 50-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பெரும்பாலும் தொடையிலோ கையிலோ வலியில்லாத கட்டியாகவே தொடங்குவதால், கொழுப்புக் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுகின்றனர்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். நெல்லும் மணிலாவும் பயிரிடும் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து உழவர்க்கு முளைப்புத்திறன் பார்ப்பது புதிதன்று. நூறு விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து, எத்தனை முளைத்தன என்று பார்ப்பர். நோயியல் மருத்துவர் செய்வதும் ஏறத்தாழ அதுவே. பிளவுபடும் பாதையில் உள்ள உயிரணுவின் உட்கருவில் கே.ஐ.-67 என்னும் புரதம் இருக்கும். ஓய்ந்திருக்கும் உயிரணுவில் காணப்படாது. கட்டியின் மெல்லிய சீவலில் இப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை இட்டால், அது உள்ள உட்கருக்கள் பழுப்பு நிறம் பெறும். நுண்ணோக்கியில் நூறு புற்றணுக்களை எண்ணும்போது நாற்பது பழுப்பாக இருந்தால், அதுவே 40 விழுக்காடு. ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர்கள் 1983-இல் இதனை அறிவித்தனர். நகரின் பெயரும், எதிர்ப்பொருள் கிடைத்த 67-ஆம் சோதனைக் குழியும் சேர்ந்ததே இப்பெயர்.

இதற்கு முன்பே வழக்கில் இருந்ததும், இன்றும் முதன்மையாகக் கொள்ளப்படுவதும் வேறோர் எண்ணிக்கை. நுண்ணோக்கியின் பத்துப் பார்வைப் பரப்புகளில், கண்ணெதிரே பிளந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள் எத்தனை என்று பார்ப்பர். ஒன்பது வரை இருந்தால் 1 மதிப்பெண், 10 முதல் 19 வரை 2, 20-ம் அதற்கு மேலும் 3. இதனுடன், புற்றணு தான் தோன்றிய திசுவை எவ்வளவு ஒத்திருக்கிறது, கட்டிக்குள் எவ்வளவு பகுதி மடிந்துள்ளது என்பவற்றின் மதிப்பெண்களையும் கூட்டியே தரநிலை 1, 2 அல்லது 3 என முடிவு செய்கின்றனர். பிரெஞ்சுப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு வகுத்த இம்முறையில் கே.ஐ.-67-க்கு இடமில்லை. அது துணைச் சான்று.

துணைச் சான்று என்பதால் பயனற்றது என்று பொருளன்று. எண் மிகுந்த கட்டிகள் நுரையீரலுக்குப் பரவும் வாய்ப்பு கூடுதல் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ‘மிகுதி’ எங்கே தொடங்குகிறது என்பதில் உடன்பாடில்லை. 10, 20, 30 என ஆய்வுக்கு ஆய்வு எல்லை மாறுகிறது. ஊசி வழி எடுத்த துணுக்கில் ஓர் எண்ணும், அறுவைக்குப்பின் முழுக் கட்டியில் வேறோர் எண்ணும் வரலாம். ஒரே கட்டியின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அண்டை வீட்டாரின் மார்பகப் புற்று அறிக்கையோடு இதனை ஒப்பிடுவது, நெல்லின் முளைப்புத்திறனைக் கேழ்வரகோடு ஒப்பிடுவது போன்றது.

எண் உயர்ந்திருப்பதைக் கண்டு சிகிச்சையைக் கைவிடுவோர் உள்ளனர். மென்திசுப் புற்று அல்லாத ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். பர்க்கிட் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றில் இவ்வெண் ஏறத்தாழ 100. ஆயினும் தீவிர மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமடையும் குழந்தைகள் பலர். விரைந்து பிளவுபடும் அணுக்களையே அம்மருந்துகள் மிகுதியாகத் தாக்குகின்றன. மென்திசுப் புற்று எல்லாம் மருந்துக்கு அவ்வாறு இணங்குவதில்லை என்பதும் உண்மையே; எனினும் எண்ணை மட்டும் கொண்டு நம்பிக்கை இழக்கக் காரணமில்லை.

இதற்கு நேர்மாறான பிழைதான் எமக்குக் கூடுதல் கவலை தருகிறது. எண் குறைவு என்றதும் மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகின்றனர். தாழ்தர நார்ச்சளிச் சார்கோமா என்னும் வகையில் பிளவுகள் மிகக் குறைவு, பார்வைக்குச் சாதுவானது, ஆயினும் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தோன்றுவதுண்டு. உயர்தரக் கட்டி எனில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் 3 அல்லது 4 மாதங்களுக்கு ஒருமுறையும், பின் ஐந்தாம் ஆண்டு வரை அரையாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். தாழ்தரக் கட்டிக்கு இடைவெளி சற்று நீளும். ஆனால் வருகை நிற்பதில்லை.

கட்டியின் அளவு 5 சென்டிமீட்டருக்கு மேலா, தசையுறைக்குக் கீழே ஆழத்தில் உள்ளதா, வெட்டிய விளிம்பில் புற்றணு எஞ்சியுள்ளதா, தரநிலை என்ன என்ற நான்கையும் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு கே.ஐ.-67 பற்றிக் கேளுங்கள்.

செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்ல நேர்ந்தால், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டைகளையும் பரிசோதனைக் கூடத்தில் கேட்டுப் பெறுங்கள். அங்கே மீண்டும் எண்ணிப்பார்க்க அவை வேண்டும். மெழுகுக் கட்டையை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். அறுவையில் எடுத்த திசுவை நீங்களே கொண்டுசெல்லும்படி சொன்னால், புட்டியில் இருப்பது ஃபார்மலின்தானா, திசு முழுவதும் மூழ்கியுள்ளதா என்று கேட்டு உறுதி செய்த பின்னரே புறப்படுங்கள். உப்புநீரில் கிடந்த திசு கெட்டுவிடும். கட்டைகளை ஒப்படைக்கும் இடத்தில், எத்தனை கட்டைகள் என்று எழுதிய ரசீதைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.