மலையில் காசு, சமவெளியில் பாயிண்ட்

கொல்லிமலைக்கு ஆபீஸ் டூர்: அறை போடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

ஆபீஸில் யார் அடிக்கடி வெளியூர் போகிறாரோ, யாருடைய பர்ஸில் நாலு கிரெடிட் கார்டு இருக்கிறதோ, அவர் தலையில்தான் டீம் அவுட்டிங் விழும். "உன்கிட்டதான் ஹோட்டல் பாயிண்ட் கொட்டிக் கிடக்குதே, ரூம் எல்லாம் நீயே பார்த்துக்கோ" என்பார் மேனேஜர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்காட்டை எல்லோரும் பார்த்தாயிற்று. ஆகவே கொல்லிமலை என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே இரவில் முடிவாகிவிடும். உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பாயிண்ட் எதுவும் கொல்லிமலை மேல் செல்லாது.

மாரியட், ஹில்டன், ஹயாத், ஆக்கோர், ராடிசன், நம்மூர் தாஜ், ஐடிசி என எந்தச் சங்கிலி ஹோட்டலுக்கும் அந்த மலையில் கிளை கிடையாது. செம்மேடு, சோளக்காடு சுற்றுவட்டாரத்தில் இருப்பவை தனியார் லாட்ஜ், காட்டேஜ், மிளகுத் தோட்டத்துக்கு நடுவே கட்டிய வீடுகள். அங்கே உறுப்பினர் எண் கேட்க மாட்டார்கள். "அட்வான்ஸ் ஜிபே பண்ணிடுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

அதற்காகப் பாயிண்டை மூட்டை கட்டி வைக்க வேண்டாம். அதைச் செலவழிக்க வேண்டிய இடம் மலையடிவாரத்துக்கு முந்தின ஊர்.

சென்னையிலிருந்து சேலம் சுமார் 340 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை வேலையை முடித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி எடுத்தால் சேலம் சேர நள்ளிரவு ஆகும். அங்கிருந்து ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். முப்பதாவது வளைவு வரும்போது பின் சீட்டில் இருப்பவர்கள் எலுமிச்சம்பழம் தேட ஆரம்பித்திருப்பார்கள். அந்தப் பாதையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவரை இரவு இரண்டு மணிக்கு ஏற்றுவது டூர் ஒருங்கிணைப்பாளர் செய்யக்கூடிய காரியம் அல்ல. எனவே வெள்ளி இரவு சேலத்தில், சனி இரவு மலையில், ஞாயிறு காலை இறக்கம். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். மதுரை, தஞ்சாவூர் பக்கமிருந்து வந்தால் சேலத்துக்குப் பதில் திருச்சி.

சேலத்தில் மாமாங்கம் பக்கம் ராடிசன் இருக்கிறது. திருச்சியில் மாரியட் குடும்பத்தைச் சேர்ந்த கோர்ட்யார்ட். நள்ளிரவில் வந்து விழுந்து, காலையில் குளித்துக் கிளம்பும் ஓர் இரவுக்குக் கைக்காசு போக வேண்டாம், பாயிண்ட் போகட்டும். குழு முழுக்க ஒரு நாள் உட்கார்ந்து பேசி, சிரித்து, நெருப்பு மூட்டி ஆடப்போகும் மலை இரவுக்கு நல்ல காசைச் செலவிடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சேலத்தில் ஆடம்பரமாக அறை போட்டுப் பட்ஜெட்டைத் தீர்த்துவிட்டு, மலையில் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை இருக்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். திங்கட்கிழமை ஆபீஸில் பேசப்படுவது அந்தக் கழிப்பறைதான்.

பாயிண்ட் போட்டால் லாபமா?

இதற்கு ஒரு வகுத்தல் போதும். அதே அறைக்கு அதே நாளில் வரியோடு சேர்த்து எவ்வளவு காசு என்று பாருங்கள். அதைக் கேட்கிற பாயிண்டால் வகுங்கள். உதாரணத்துக்கு அறை வாடகை 6,000 ரூபாய், வரியோடு 6,300, கேட்கிற பாயிண்ட் 9,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு பாயிண்டுக்கு 70 பைசா கிடைக்கிறது. இதே பாயிண்டை நீங்கள் வேறு எங்கு பயன்படுத்தியிருப்பீர்களோ அங்கே என்ன கிடைக்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். டாடாவின் நியூகாயின் மாதிரி ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று நிர்ணயித்த திட்டங்களில் இந்தத் தலைவலியே இல்லை. மற்றவற்றில் நாளுக்கு நாள் விலை மாறும். மாரியட் நிலையான பாயிண்ட் அட்டவணையை 2022-இல் கைவிட்டுவிட்டது. இன்று பார்த்த எண்ணை அடுத்த வாரம் நம்ப முடியாது.

வரியைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறை 7,875-இல் முடியும். 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிவிடும். வாடகையில் நூறு ரூபாய் கூடினால் பில்லில் 1,093 ரூபாய் கூடுகிறது. ஒன்பது அறைக்குப் பெருக்கிப் பாருங்கள். வார இறுதியில் வாடகை இந்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் நாட்களில்தான் பாயிண்டுக்கு நல்ல மதிப்பு. கோட்டுக்குக் கீழே நல்ல வாடகை கிடைத்தால் பேசாமல் காசைக் கட்டிவிடலாம்.

பழைய பாயிண்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம். மாரியட்டில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் மொத்தமும் காலாவதி. போகப் போகிற பாயிண்டைத் திருச்சியில் தூங்கித் தீர்ப்பது உத்தமம்.

பதினெட்டுப் பேர் குழு என்றால் இருவருக்கு ஓர் அறை வீதம் ஒன்பது அறை. ஒருவர் கணக்கிலிருந்தே ஒன்பதையும் எடுக்க முயல வேண்டாம். பாயிண்டில் கொடுக்கும் அறைகளை ஹோட்டல்கள் எண்ணிக்கை வைத்துத்தான் ஒதுக்குகின்றன. காசுக்கு இருபது அறை காட்டும் நாளில் பாயிண்டுக்கு நாலுதான் காட்டும். பத்து அறையைத் தொட்டால் பெரும்பாலான சங்கிலிகள் அதைக் குழு ஒப்பந்தம் என்று எடுத்து, விற்பனைப் பிரிவுக்கு அனுப்பிவிடும். அங்கே விதிகளே வேறு. குழுவில் பாயிண்ட் வைத்திருக்கும் மூன்று நான்கு பேரைப் பிடித்து, அவரவர் கணக்கில் இரண்டு மூன்று அறை போடச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். காசு கட்டிப் போடும் அறைகளுக்கும் இது உதவும். மாரியட்டில் உறுப்பினர் தானும் அங்கே தங்கி, தானே கட்டணம் செலுத்தினால் ஒரு சமயத்தில் மூன்று அறை வரைக்கும் பாயிண்ட் ஏறும். நாலாவது அறைக்கு ஏறாது. மேக்மைட்ரிப், அகோடா மாதிரி இடங்களில் போட்டால் பொதுவாக ஹோட்டல் பாயிண்டே கிடையாது.

அறை போட்டவுடன் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இரட்டைக் கட்டில் தனித்தனியாகக் கிடைக்குமா? பாயிண்ட் அறை என்றால் பெரும்பாலும் சாதாரண அறை, ஒரே பெரிய கட்டில்தான் தலையில் கட்டப்படும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரையும் டீம் லீடரையும் ஒரே போர்வைக்குள் போட முடியாது. காலை டிபன் சேர்த்தியா? பல இடங்களில் பாயிண்ட் அறைக்கு டிபன் தனிக் காசு. பதினெட்டுப் பேருக்குப் பஃபே போட்டால் பாயிண்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். வெளியே நல்ல மெஸ் இருக்கிற ஊர் சேலம். முந்தின சாயங்காலமே சேர்ந்துவிட்டால் தட்டுவடை செட்டும் உண்டு. மூன்றாவது, உறுப்பினர் வராத அறைக்கு வேறொருவர் பெயரில் சாவி தருவார்களா என்பது. சில திட்டங்களில் இதற்கு முன்கூட்டியே பெயர் மாற்றிப் பதிய வேண்டும். நள்ளிரவில் வரவேற்பறையில் நின்று இதைப் பேசக் கூடாது.

பாயிண்ட் அறையின் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. ஆபீஸ் டூரில் வருகிறேன் என்று சொன்னவர்களில் இரண்டு மூன்று பேர் கடைசி வாரத்தில் கழன்றுகொள்வார்கள்; மச்சினனுக்கு நிச்சயதார்த்தம் வந்துவிடும். பாயிண்டில் போட்ட அறையைப் பொதுவாக ஓரிரு நாள் முன்புவரை ரத்து செய்யலாம், பாயிண்ட் முழுதாகக் கணக்குக்குத் திரும்பும். மலை லாட்ஜில் கொடுத்த அட்வான்ஸ் திரும்புவது அரிது. ஆகவே சேலத்தில் தாராளமாகப் போட்டு வையுங்கள், பிறகு குறையுங்கள். மலையில் மட்டும் தலை எண்ணிக்கை உறுதியான பிறகு பணம் அனுப்புங்கள்.

யாருடைய பாயிண்ட், யாருக்கு நன்றி?

இது கூச்சமான விஷயம். அதனால்தான் முன்பே பேச வேண்டும். மூன்று பேர் தங்கள் பாயிண்டைக் கொடுக்கிறார்கள், பதினைந்து பேர் இலவசமாகத் தூங்குகிறார்கள். டூர் முடியும் வரை சிரிப்பாக இருக்கும், அப்புறம் முணுமுணுப்பு கேட்கும். பாயிண்டைக் காசுக்கு விற்பதை எல்லாத் திட்டங்களும் தடை செய்கின்றன, அந்த வழிக்குப் போகாதீர்கள். ஆபீஸ் பட்ஜெட்டிலிருந்து திருப்பிக் கொடுக்கலாம் என்றாலும் பில்லில் அறை வாடகை பூஜ்யம் என்றுதான் இருக்கும். கணக்குப் பிரிவு எதைப் பார்த்துப் பணம் தரும்? கொடுப்பவர் மனதாரக் கொடுத்தால் சரி. இல்லையென்றால் பாயிண்ட் வேண்டாம், காசுதான் என்று முடித்துவிடுங்கள். மேனேஜர் கேட்டார் என்பதற்காக ஒருவர் தன் குடும்பத்தோடு போக வைத்திருந்த பாயிண்டைக் கொடுக்கும் நிலை வரக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. கம்பெனி காசில் ஒன்பது அறை போட்டு, பாயிண்டை உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்வது. பல நிறுவனங்களின் பயண விதியில் இதற்கு இடமுண்டு, சிலவற்றில் கிடையாது. உங்கள் விதியைப் படித்துப் பாருங்கள். இடமிருந்தாலும், உங்கள் பாயிண்டுக்காக விலை கூடிய ஹோட்டலை எடுத்தீர்கள் என்ற பேச்சு வந்தால் அது அடுத்த அப்ரைசல் வரைக்கும் உங்களோடு வரும். இரண்டு மூன்று ஹோட்டல்களின் விலையை மின்னஞ்சலில் போட்டு, தேர்வை மேனேஜரிடம் விடுங்கள். அவர் உங்களுக்குப் பாயிண்ட் தரும் ஹோட்டலையே எடுத்தால் சந்தோஷம்.

மலையில் அறை

முதலில் தேதி. ஆடி 17, 18-இல், அதாவது ஆகஸ்ட் 2, 3 வாக்கில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். அரசு விழா, ஊரே நிறைந்திருக்கும். விழா பார்க்கப் போகிறவர்களுக்கு அருமையான நாள். அமைதி தேடும் ஆபீஸ் குழுவுக்கு அறையும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது.

அடுத்தது இடம். ஆகாயகங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் ஒரு பக்கம். செம்மேடு, சோளக்காடு, வாசலூர்ப்பட்டி படகு இல்லம், மாசிலா அருவி எல்லாம் வேறு பக்கங்கள். ஆகாயகங்கை 300 அடி உயரம், அதன் காலடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியவர்கள் ஏறியும் ஆக வேண்டும். மூட்டு வலி உள்ளவர், இதய சிகிச்சை எடுத்தவர், கர்ப்பிணி எல்லோரையும் அந்தப் படியில் "வாங்க சார், வாங்க மேடம்" என்று இழுக்க வேண்டாம். அவர்களுக்கு மாசிலா அருவி போதும். இல்லையென்றால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டு மேலேயே உட்காரட்டும். கம்பளி ரோமம் போர்த்தியது மாதிரி இருக்கும் அந்தக் கிழங்கைக் கடை வாசலில் குவித்து வைத்திருப்பார்கள்; தோலைச் சுரண்டிச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு ஆவி பறக்கத் தருவார்கள். செம்மேட்டுப் பக்கம் தங்கினால் இரண்டு கூட்டத்துக்கும் வசதி.

லாட்ஜ்காரரிடம் போனில் பேசும்போது "எத்தனை பேர் படுக்கலாம்?" என்று கேட்காதீர்கள். அவர் சொல்லும் எண்ணில் தரையில் போடும் மெத்தைகளும் அடக்கம். கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெந்நீர் கீசரிலா, விறகடுப்பிலா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? பெண்களின் அறைகள் பக்கத்துப் பக்கத்திலா, உள்தாழ்ப்பாள் ஒழுங்காகப் போடுமா? வீடியோ காலில் ஒரு சுற்று நடந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். சாப்பாடு அங்கேயே சமைப்பார்கள் என்றால் சாமைச் சோறு கேட்டுப் பாருங்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய பயிர் அது. முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும்.

டிரைவர் படுக்க இடம் கேட்டீர்களா? எழுபது வளைவு ஏற்றியவர் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுத்தால், மறுநாள் அதே எழுபதை இறங்கப் போகிறவரும் அவர்தான். அவருக்குக் கட்டில், போர்வை, சாப்பாடு உண்டு என்று பேசி முடித்த பிறகே அட்வான்ஸ் அனுப்புங்கள்.

பிறகு பில். ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்யும் சின்ன லாட்ஜ்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆகவே ஜிஎஸ்டி பில் தர மாட்டார்கள். அது அவர்கள் தவறல்ல. ஆனால் உங்கள் கணக்குப் பிரிவு அதைத் தவறாகவே பார்க்கும். கிளம்பும் முன்பே கணக்குப் பிரிவில் கேட்டு, சாதாரண ரசீது போதுமா, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேலம் ஹோட்டலில் கம்பெனியின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் அறைக்குள் நுழையும்போதே கொடுத்துவிடுங்கள், காலி செய்யும் அவசரத்தில் மறந்துபோகும். மலை ரசீதைத் தேதி, கையெழுத்து, முத்திரையோடு கையில் வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும். காரவள்ளி இறங்கின பிறகு போன் போட்டுக் கேட்டால், "அனுப்பறேன் சார்" என்ற பதில் மட்டும் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.