கணக்குத் தாளில் புல எண் தேதியாக மாறாமல் காத்தல்

உழவர் உற்பத்தியாளர் குழுக்களின் உறுப்பினர் பட்டியல்கள் இப்போது பெரும்பாலும் எக்செல் தாளில் தயாராகின்றன. அடிப்பவர் சரியாகவே அடித்தாலும் தாள் தானாகச் சில எண்களை மாற்றிவிடுவது உண்டு. அந்தப் பட்டியல் மானியத்திற்கோ பயிர்க் காப்பீட்டிற்கோ போனால், பணம் வராமல் அலைய வேண்டியவர் நீங்கள். எனவே பட்டியல் தயாரிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

புல எண் 12, உட்பிரிவு 3 உள்ள நிலத்தை 12/3 என்று அடித்துப் பாருங்கள். அது மார்ச் 12 என்று தேதியாகிவிடும். கணினியில் அமெரிக்கத் தேதி முறை இருந்தால் டிசம்பர் 3 ஆகும். ஆனால் 145/2 என்று ஒரு தேதி இல்லாததால் அது அப்படியே நிற்கும். நல்லதும் கெட்டதும் ஒரே வரிசையில் கலந்து நிற்பதால்தான் தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை. உட்பிரிவில் இரு எண்களுக்கு நடுவே ஆங்கில ‘ஈ’ எழுத்து வந்தால் இன்னும் விந்தை. 3, ஈ, 2 என்று சேர்த்து அடித்தால், 3-க்குப் பின் இரண்டு சுழி என்று பொருள் கொண்டு 300 ஆக்கிவிடும். ஏ, பி, சி எழுத்துகளுக்கு இத்தொல்லை இல்லை.

வங்கிக் கணக்கு எண்ணில் முன்னால் உள்ள சுழிகள் உதிர்ந்துவிடும். எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். ஆகவே 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். ஆதார் எண் 12 இலக்கம்தான். அது சுருங்கித் தெரிந்தாலும் உள்ளே எண் அழிவதில்லை.

இவற்றை நாம் எண் என்று அழைத்தாலும் இவை அடையாளக் குறிகளே. புல எண்களைக் கூட்டிப் பார்ப்பார் உண்டோ? தாளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

அடிக்கத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘ஹோம்’ பகுதியில் ‘ஜெனரல்’ என்றுள்ள பெட்டியை ‘டெக்ஸ்ட்’ என மாற்றுங்கள். விதைப்புக்கு முன் விதைநேர்த்தி செய்வது போல இதுவும் முன்கூட்டியே செய்ய வேண்டியது. தேதியாகிவிட்ட பின் ‘டெக்ஸ்ட்’ ஆக்கினால் 12/3 திரும்ப வராது. 2026-இல் அடித்த மார்ச் 12 என்றால் 46093 என்று வரும். 1900 சனவரி முதல் நாளிலிருந்து எண்ணிய நாள் கணக்கு அது. ஓரிரு கட்டங்களே என்றால் எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி இட்டால் போதும். அது அச்சில் வராது. கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் தோன்றி, எண்ணாக மாற்றவா என்று கேட்டால் இசைய வேண்டாம்.

பட்டாவில் உள்ளது போலவே புல எண்ணுக்கு ஒன்று, உட்பிரிவுக்கு ஒன்று என இரண்டு நெடுவரிசை வைப்பது என் எண்ணத்தில் மேலானது. உட்பிரிவை அப்போதும் ‘டெக்ஸ்ட்’ ஆகவே வையுங்கள்.

பிறரிடமிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை இருமுறை தட்டித் திறக்காதீர்கள். திறந்த உடனேயே மாற்றம் நடந்துவிடும். ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக எடுத்து, ‘டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அறிவியலாரையும் இது விடவில்லை. மார்ச்1 என்ற பெயருள்ள மனித மரபணு தாள்களில் தேதியாகிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அதற்கு மார்ச்எஃப்1 என்று பெயரையே மாற்றினார்கள்! பின்னர் 2023-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இத்தானியங்கி மாற்றங்களுள் சிலவற்றை நிறுத்தும் வசதியைத் தந்தது. முன் சுழி, நீண்ட எண், ‘ஈ’ எழுத்து ஆகியவற்றுக்கு அது உதவும். 12/3 போன்றவற்றுக்கு அதை நம்பியிராதீர்கள்.

பட்டியலை அனுப்பும் முன் தாளை ஒருமுறை பாருங்கள். எழுத்தாகப் பதிந்தவை கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டியும், எண்ணாகவோ தேதியாகவோ மாறியவை வலப்பக்கம் ஒட்டியும் நிற்கும். வலப்பக்கம் நிற்கும் கணக்கு எண்களை வங்கிப் புத்தகத்தோடும், புல எண்களைப் பட்டாவோடும் ஒப்பிட்டு மீண்டும் அடியுங்கள்.