மறைமாளிகை: விடுத்ததும் மீண்டதும்

ஒரு நூலை ஆராய்வோர் அதன்கண் உள்ளவற்றை மட்டும் ஆராய்ந்தமைதல் போதாது. ஆக்கியோர் எதனை விடுத்தனர், ஏன் விடுத்தனர் என்பதனையும் நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையை யாம் முதற்கண் கற்றது ஏட்டுச்சுவடியினின்றன்று, ஒரு வீடியோ விளையாட்டினின்று எனக் கூறின் அன்பர்கள் நகைப்பர். நகைப்பினும் அமைக, சிறிது செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் செகா நிறுவனத்தார் ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 2’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேடைக்கு மேடை தாவியோடும் வகையினுள் அது பெரும்புகழ் வாய்ந்தது. அதன் தலைவன் ஒரு நீலநிற முள்ளெலி. இடர் கண்டவிடத்து முள்ளெலி பந்துபோற் சுருளும் என்பது நம் கொங்குநாட்டு மேட்டுக்காடுகளை அறிந்தார்க்குப் புதிதன்று. சோனிக்கோ சுருண்டு பகைவர்மேற் பாய்வான்.

அவ்விளையாட்டில் ‘மிஸ்டிக் கேவ்’ என்னும் குகைக்களத்தின் இரண்டாம் பகுதியில் ஒரு குழி உண்டு. அடியில் முட்கள், ஏறுதற்கு வழியில்லை. எம் தாய்மாமன் இளமையில் அதனை ஆடியவர். அக்குழியில் வீழ்ந்தார்க்கு மீட்சியில்லை என எம்மை எச்சரிப்பார். சிறுவராயிருந்த காலத்து யாம் கைப்பேசியில் ஆடுகையில் தவறி அதனுள் வீழ்ந்தோம். முட்களைக் கண்டிலோம், படிகங்கள் ஒளிரும் ஒரு மாளிகையைக் கண்டோம். மாமனிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, “இது இத்தனை நாள் எங்கே இருந்தது, கண்ணு?” என வினவினார். அவ்வினாவிற்கு விடையே இக்கட்டுரை.

அக்களத்தின் பெயர் ‘ஹிடன் பேலஸ்’; மறைமாளிகை என்பது பொருள். 1992-இல் அதனை அமைக்கத் தொடங்கியோர் முற்றுவியாமலே விடுத்தனர். குறித்த நாளில் விளையாட்டு வெளிவரல் வேண்டும். அது முழுவதும் ஒரு மெகாபைட் அளவினதாகி, ‘கேசட்’ என நம்மவர் வழங்கும் பேழையுள் அடங்கலும் வேண்டும். இந்நெருக்கடியில் விடப்பட்ட களங்கள் பல. அவற்றுள் இஃது ஒன்று.

விடுத்த பகுதி முற்றும் அழிந்துவிடுவதில்லை. நிரலில் ஒவ்வொன்றும் தனக்குரிய இடவெண்ணைக் கொண்டு நிற்கும். இறுதிக் காலத்தில் ஒன்றைப் பிடுங்கின் மற்றவை பிறழக்கூடும். ஆதலின் ஆக்குவோர் பெரும்பாலும் வாயிலை மட்டும் அடைத்து, உள்ளிருப்பதனை அவ்வாறே விடுவர். மறைமாளிகைக்கும் நிரலில் ஓரிடம் எஞ்சியது. ஒலிகளைச் சோதித்தறியும் பட்டியலில், எக்களத்திலும் ஒலியாத இசையொன்றும் எஞ்சி நின்றது. வெளியீட்டிற்கு முந்தைய மாதிரிப் படியொன்று பின்னாளில் கிடைக்கவே, ஆர்வலர் அம்மாளிகையுள் உலவவும் வாய்த்தது.

அதன் மீட்சி இருமுறை நிகழ்ந்தது. 1994-இல் வந்த ‘சோனிக் அண்டு நக்கிள்ஸ்’ விளையாட்டில் பெயர் மீண்டது, அமைப்போ வேறு. நக்கிள்ஸ் என்பான் சோனிக்கொடு பொருவது அங்கேயே. 2013-இல் கிறிஸ்டியன் வைட்ஹெட், சைமன் தாம்லி ஆகியோர் கைப்பேசிக்கெனப் புதுக்கிய பதிப்பில் களமே மீண்டது. ஊமையாய்க் கிடந்த இசையும் அதற்கே உரியதாயிற்று. அதற்கு வாயிலாக அமைந்தது மீட்சியில்லாத அக்குழியே! பழைய ஆட்டத்தில் அங்கே வீழ்ந்து வருந்தினாரே இதன் நயத்தை முற்ற உணர்வர்.

முன்னதனை இவ்வாறு நினைவூட்டும் எடுத்தாட்சி அத்தொடரில் மரபாயிற்று. 2017-இல் வந்த ‘சோனிக் மேனியா’வில் ‘கெமிக்கல் பிளான்ட்’ களத்தின் இறுதிப் போர், 1993-இல் வெளிவந்த ‘மீன் பீன் மெஷின்’ என்னும் விளையாட்டாகவே மாறிவிடுகின்றது. சிலப்பதிகாரத்தை அறியாதாரும் மணிமேகலையைப் பயிலலாம்; அறிந்தார்க்கோ மாதவியின் பெயர் கேட்ட அளவிலே நெஞ்சு கனக்கும். எடுத்தாட்சியின் பயன் இதுவே.

இனி, நம் இலக்கியத்தொடு ஒப்பு நோக்குவோம். இழந்தது, மிகை, விடுத்தது என மூன்றனையும் வேறு பிரித்தறிதல் இன்றியமையாதது. விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை 1924-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தபொழுது அதன் முதலும் இறுதியும் கிடைத்தில. அவை புலவர் விடுத்தனவல்ல. காலம் கொண்டு போயினவை. கம்பராமாயண ஏடுகளில் பிறர் பாடிச் சேர்த்தன மிகைப்பாடல்கள். பதிப்பாசிரியர் அவற்றைப் பிரித்து வைப்பர். மறைமாளிகையோ ஆக்கியோரே அமைத்து, ஆக்கியோரே விடுத்தது.

ஆக்கியோர் விடுத்ததனைப் பிறர் எடுத்துக்காட்டல் அவர் கருத்துக்கு மாறன்றோ என ஒரு தடை எழும். தக்க தடையே. நூலினகத்தே அதனைக் கலத்தல் பிழை. விடுத்தது எனக் குறித்துப் புறத்தே வைத்தல் தகும் என்பது எம் கருத்து. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பும் அக்களத்தை யாவரும் கடந்தே தீரவேண்டிய வழியில் வையாது, வீழ்ந்தார் மட்டும் காணுமாறு வைத்தது. எனினும் அதன்கண் புதியோர் சேர்த்தனவும் உள. பழைய மாதிரிப் படி கிடைத்திராதேல், பழையது இது, புதியது இது எனப் பிரித்தறிதல் அரிதாயிருக்கும். ஆதலின் மூலப்படியைப் பேணுதலே யாவற்றினும் முதற்கடன்.

ஒரு விளையாட்டில் விடுத்த களத்தை முப்பதாண்டு நிரம்பாமுன் ஆர்வலர் தேடிக் கண்டனர். பன்னூறாண்டுகட்கு முன் நம் நாட்டுப் புலவர் பாடியதன் முதலேட்டைத் தேடுதற்கு நாம் செய்தது யாது? விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்களே! பாட்டன் வீட்டுப் பரண்மேல் கட்டுண்டு கிடக்கும் ஏடு உளதேல், அதனை எரிக்குமுன், ஆற்றில் விடுமுன், ஒருமுறை அவிழ்த்து நோக்குங்கள். பெருங்கதையின் முதல் அங்கே இராமற் போகலாம். ஆயினும் என்ன இருந்தது என்பதையேனும் நாம் அறிந்திருப்போம்.