முதலில் சீட், அப்புறம்தான் சாவி

டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினதும் சாவியில் கை வைக்காதே தங்கச்சி. உனக்கு முன்னால் பழகினவங்க உயரத்துக்குத்தான் சீட் தள்ளி இருக்கும். அப்படியே ஓட்டினால் கிளட்ச் முக்கால்வாசிதான் அமுங்கும், கியர் கரகரன்னு கத்தும். 'உனக்கு வரலை'ன்னு மாஸ்டர் சொல்வார், நீயும் நம்பிடுவே.

மேனுவல் காரில் சீட்டுக்கு அளவு இடது கால்தான். கிளட்சைத் தரை வரை மிதி. அப்பவும் முட்டி லேசா மடங்கி இருக்கணும். எட்டி எட்டி மிதிக்கிற மாதிரி இருந்தால் சீட்டை முன்னே இழு. அப்புறம் முதுகுச் சாய்வு: தோள் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்காரணும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 செ.மீ.யாவது இடைவெளி விடு, உள்ளே ஏர்பேக் இருக்கு. ரோடு சரியாத் தெரியலைன்னா சீட்டு உயரத்தைக் கூட்டு. அந்த வசதி இல்லாத காரில் வழுக்காத கெட்டியான குஷன் போட்டுக்கோ. அதில் கூச்சப்பட ஒண்ணுமே இல்லை.

கண்ணாடிகளில் இடது பக்கம்தான் முக்கியம். நம்ம ஊரில் பைக் பாதி அந்தப் பக்கமாத்தான் நுழையும். உன் கார் ஓரம் துளியூண்டு தெரிஞ்சால் போதும், மிச்சமெல்லாம் ரோடு தெரியட்டும். அது குவிந்த கண்ணாடி, பக்கத்தில் வர்ற வண்டியைத் தள்ளிக் காட்டும். நடுக் கண்ணாடிக்குக் கீழே குட்டி லீவர் இருந்தால் ராத்திரியில் அதைத் தள்ளிவிடு; பின்னால் வர்ற வெளிச்சம் கூசாது.

இனி கிளட்ச். சமமான, காலி மைதானம் வேணும். கிளட்சை முழுசா மிதிச்சு ஃபர்ஸ்ட் போடு, ஹேண்ட்பிரேக்கை இறக்கு. வலது கால் பிரேக் மேல் சும்மா நிக்கட்டும், ஆக்சிலரேட்டர் பக்கமே போக வேண்டாம். இடது குதிகாலை ஊன்றி, கிளட்சை நூல் நூலா விடு. ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் அமுங்கும், ஸ்டீயரிங்கில் சின்ன நடுக்கம் வரும். காலை அங்கேயே நிறுத்து. வண்டி தானா ஊரும். நிறுத்து, மறுபடி விடு. பாதத்துக்கு அந்த இடம் பழகுற வரைக்கும் இதே வேலைதான். வேற எதையும் அன்னிக்குக் கத்துக்க வேண்டாம்.

ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் உனக்குப் பதிலா அவரே மிதிச்சுட்டிருந்தால் நீ எப்பக் கத்துக்கறது? 'கிளட்சிலிருந்து காலை எடுத்துக்கோங்க மாஸ்டர், ஆஃப் ஆனா ஆகட்டும்'னு வாய்விட்டுக் கேள். காசு கொடுத்துப் பழகறவள் நீ.

மேம்பாலத்து ஏத்தத்தில் நின்னுட்டால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுடு. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை விட்டுக்கிட்டே வா. பானெட் லேசா மேலே எழும்பும். அப்ப ஹேண்ட்பிரேக்கை இறக்கு, வண்டி பின்னால் நழுவாது. பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுட்டுப் போறான்.

ஓடும்போது கிளட்ச் மேல் காலை வெச்சுக்கிட்டே போகாதே, பிளேட் தேஞ்சுடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த மாதிரி மலையில் இறங்கும்போது நியூட்ரல் கூடவே கூடாது. ஏறின கியரிலேயே இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். பிரேக் சூடேறிக் கைவிடாது. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், அது சட்டம்.

டிரைவர் காலடியில் தண்ணி பாட்டில் வைக்காதே, உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் நின்னுக்கும். ஹவாய் செருப்பு வேண்டாம். துப்பட்டாவை முடிஞ்சுக்கோ. மழையில் கண்ணாடி உள்பக்கம் மங்கினால் துணியைத் தேடாதே. ஏசியைப் போட்டு காத்தை முன்கண்ணாடிக்குத் திருப்பு. பின்சீட்டும் டிக்கியும் நிறைஞ்சால் முன்பக்கம் தூக்கும், ஹெட்லைட் எதிரே வர்றவங்க கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங் பக்கம் 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு இருக்கும், அதைக் கூட்டினால் வெளிச்சம் தாழும்.

எல்.எல்.ஆர். 6 மாசம் செல்லும், 30 நாள் கழிச்சுதான் டெஸ்ட். நடுவில் சொந்தக் காரில் பழகினால் முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள், ரெண்டும் கட்டாயம். டெஸ்டுக்குக் கொண்டு போற காரையே முந்தின நாள் ஓட்டிப் பார்த்துடு. ஒவ்வொரு கார் கிளட்சும் ஒவ்வொரு உயரத்தில்தான் பிடிக்கும்.